எந்தத் தெருப் பொண்ணு நீ?

ஓட்டத்துக்கு என்ன பெரிய செலவு, காலும் ரோடும் இருந்தால் போதாதா என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், நீச்சலுக்குக் குளம் வேண்டும், ஓட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம், அதனால்தான் ஏழைப் பிள்ளைகள் அதில் ஜெயிக்கிறார்கள் என்று ஒரு கதை நம் மேடைகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பள்ளி விளையாட்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் இதைச் சொல்லாமல் இறங்குவது அபூர்வம். கூடவே அபேபே பிகிலா வந்துவிடுவார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் தங்கம் வென்ற எத்தியோப்பியர்.

கதையின் மிச்சத்தை யாரும் சொல்வதில்லை. பிகிலா எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படையில் சம்பளம் வாங்கிய வீரர். ஒன்னி நிஸ்கானென் என்ற சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் அவரைக் கவனித்துப் பயிற்சி கொடுத்தார். ரோமில் கிடைத்த ஷூ காலுக்குப் பொருந்தவில்லை, அதனால் பழகிய வெறுங்காலோடு ஓடினார். நான்கு ஆண்டு கழித்து 1964 டோக்கியோவில், குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆனதும் ஆகாததுமாக, ஷூ போட்டுக்கொண்டு ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. உலகச் சாதனை, மறுபடியும் தங்கம். ஆனால் சுவரில் தொங்குவது வெறுங்கால் படம்தான். ஷூ இல்லாத ஏழையை வியப்பதற்குக் காசு செலவில்லை. ஷூ வாங்கிக் கொடுப்பதற்குச் செலவு உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று உலகத்துக் கால்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் வட்டாரத்துக்காரன் நான். என்னிடம் வெறுங்கால் பெருமை பேசினால் எரிச்சல்தான் வரும்.

என் அக்கா மகள் கணியம்பாடி ஒன்றியத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஓடுவது 1,500 மீட்டரும் 3,000 மீட்டரும். எட்டாம் வகுப்பில், குறுவட்டப் போட்டிக்கு ஆள் குறைகிறது என்று அவளை 600 மீட்டரில் நிறுத்தினார்கள். நான்காவதாக வந்தாள். சான்றிதழும் இல்லை, டப்பாவும் இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: “இதவிட நீட்டா ஓடற போட்டி இருக்குதா மாமா? எனக்கு மூச்சு செட் ஆவறதுக்குள்ள முடிச்சிட்டாங்க.”

நானும் கல்லூரியில் 5,000 மீட்டர் ஓடியவன். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. நூறு மீட்டர்காரர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அன்றிலிருந்து காலையில் கைப்பேசியில் நேரம் பிடிப்பது என் வேலை. அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, தூரம், நேரம், வெயில் எப்படி, என்ன சாப்பிட்டாள், மாதவிடாய் நாளா இல்லையா, எல்லாம் எழுதுவாள். முதல் 3,000 மீட்டர் 13 நிமிடம் 48 விநாடி. பள்ளி மைதானத்தின் சுற்று 200 மீட்டர், அப்படியென்றால் பதினைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை விநாடி என்று தனித்தனியே எழுதியிருப்பாள். ஒன்பதாவது சுற்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள் வீங்கும். “அந்த நாலு ரவுண்டுல யாரும் பாக்க மாட்டாங்க மாமா, ஜனங்க ஆரம்பத்தையும் முடிவையும்தான் பாக்கறாங்க, அதனால அங்கதான் ஏமாத்தத் தோணும்” என்றாள். பதினைந்து வயதில் இதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க? மூன்று ஆண்டில் 11 நிமிடம் 36 விநாடிக்கு வந்திருக்கிறாள்.

நெடுந்தூர ஓட்டம் சமையல் மாதிரி இல்லை, ஊறுகாய் மாதிரி. அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும். வாரத்தில் ஐந்தாறு நாள், பெரும்பகுதி மெதுவாக, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், ஆண்டுக்கணக்கில் ஓடினால்தான் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளப் பழகும், தொடைத் தசைக்குள் நுண் ரத்தக் குழாய்கள் பெருகும். பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு பிள்ளைகளைக் கூட்டிவைத்து மூச்சிரைக்க ஓடவிடும் பள்ளி வழக்கத்தால் இதில் எதுவும் நடக்காது. ஆக, இந்த விளையாட்டு கேட்பது நேரமும் இடமும் சோறும். இந்த மூன்றும் நம் சமூகத்தில் எப்படிப் பங்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற தோழர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இடத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு கிலோமீட்டர் மெதுவோட்டத்தை 200 மீட்டர் மைதானத்தில் நாற்பது சுற்றாக ஓடினால் பைத்தியம் பிடிக்கும், உள்பக்கத்து முழங்காலும் போகும். ரோட்டுக்குத்தான் வர வேண்டும். எங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வேலூர் – திருவண்ணாமலை நெடுஞ்சாலை. விடியற்காலையில் லாரியும் வெளியூர் பஸ்ஸும் பறக்கும், தெருவிளக்கு இருக்கும் இடத்தில் இருக்கும், இல்லாத இடத்தில் இல்லை. இன்னொன்று காலனியிலிருந்து ஊருக்குள் நுழைந்து ஏரிக்கரைக்குப் போகும் தார்ச்சாலை. புளியமர நிழல், வண்டி கிடையாது, ஓடுவதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும்.

போன மார்கழியில் ஒரு நாள் அவள் தனியாக அந்த வழியில் போனாள். கோயில் பக்கத்துத் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் நிறுத்தினார்.

“எந்தத் தெருப் பொண்ணு நீ?”

சொன்னாள்.

“டவுசர் போட்டுக்கினு காலங்காத்தால எங்க தெருவுல ஓடற. கோயில் இருக்குது பாக்கலையா? உங்க பக்கம் ஓடு.”

அவ்வளவுதான். அடி இல்லை, வசவு இல்லை, சாதிப் பெயர்கூட இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் இதில் என்னம்மா புகார் என்பார்கள். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் காலுக்கு அடியிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் தார்ச்சாலையை ஒரே வாக்கியத்தில் உருவி எடுத்தாயிற்று. அந்தச் சாலை பஞ்சாயத்துப் பணத்தில் போட்டது.

1893-ல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் பெரியார் சிறை போனார். அதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள், 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பார்க்கட்டும். பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். செருப்பு! சந்திரனுக்கு விண்கலம் அனுப்பிய நாடு, காலில் செருப்பு போடும் உரிமையை இந்த நூற்றாண்டில் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்தச் செருப்பை எந்தச் சாதிக் கைகள் தைத்தன என்பது வேறு விஷயம். ஓடுவதைத் தடுத்தால் குற்றம் என்று அந்தப் பட்டியலில் தனியே எழுதவில்லை. நம் பிள்ளைகள் ஊர்த் தெருவில் பயிற்சிக்காக ஓடுவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் ஓட்டமே வேண்டாம் என்றாள். அவள் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் குடும்பம் சொன்னது. அக்கா அதைக் கம்பெனி வேனில் போகும்போது கைப்பேசியில் பார்த்தவள்.

மூன்று வாரம் பிள்ளை நெடுஞ்சாலையில் ஓடினாள், நான் பின்னால் சைக்கிளில் டார்ச் அடித்துக்கொண்டே போனேன். பிறகு பள்ளியில் அவளோடு ஓடுகிற ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி ஏரிக்கரை வழியே போனோம். அதில் ஒரு பையன் ஊர்த் தெருக்காரன், 800 மீட்டர் ஓடுகிறவன். அவனும் டவுசர்தான் போட்டிருக்கிறான், அவனும் கோயிலைத் தாண்டித்தான் தினமும் ஓடியிருக்கிறான். அவனை யாரும் எந்தத் தெரு என்று கேட்டதே இல்லையாம். அந்தக் கேள்வி ஒன்று இருப்பதே இவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. இப்போது பெரியவர் கேட்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கூட்டம் வராத நாளில் அவள் அந்த வழியே போவதில்லை. இதை வெற்றி என்று நான் எழுதமாட்டேன்.

அடுத்து ரத்தம். நெடுந்தூர ஓட்டம் என்பது கடைசியில் ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை. அதைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், அதற்கு இரும்புச்சத்து வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! நான்காவது சுற்றிலேயே கால் கனக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் “மன உறுதி போதாது” என்று விசில் ஊதுகிறார்கள். மன உறுதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் விரலைக் குத்திப் பாருங்கள். எங்கள் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் பார்த்தபோது 9.4 இருந்தது. மாத்திரையும் மாட்டுக்கறியுமாக ஆறு மாதத்தில் 12-ஐத் தொட்டாள். நோட்டைப் புரட்டினால் அவள் நேரம் சடாரென்று இறங்கிய மாதமும் அதுதான்.

மாட்டுக்கறி என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும், கீரையில் உள்ளதை அந்த அளவுக்கு எடுக்காது. எங்கள் வட்டாரத்தில் ஏழைக்குக் கட்டுப்படியாகும் கறி அதுதான். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் அதற்குத்தான் இடமில்லை என்றார்கள். ஆதிதிராவிடர் – பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது, மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிப்போனது. ஒரு பிரியாணிக்கா இவ்வளவு சண்டை என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. பிள்ளை தன் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். ரத்தத்தை ஏற்றிய சோற்றை ஒளித்துவைத்துத் தின்கிற ஓட்டக்காரி வேறு எந்த நாட்டில் இருப்பாள்?

இதோடு சேர்ந்து ஒரு பாராட்டு வரும் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. “உங்க ஆளுங்களுக்கு ஸ்டாமினா இயற்கையிலேயே உண்டு. உழைச்ச உடம்பு.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இயற்கையாகவே இருக்கிறது என்றால் பயிற்சியாளர் தேவையில்லை, சத்துணவு தேவையில்லை, மைதானமும் தேவையில்லை என்று ஆகிவிடும். ஜெயித்தால் பெருமை உடம்புக்கு, தோற்றால் குற்றம் ஒழுக்கத்துக்கு. மூளையை ஒருவருக்கும் தசையை இன்னொருவருக்கும் பிறப்பிலேயே எழுதிக்கொடுப்பதற்குத்தானே வர்ணம் என்று பெயர்? உழைத்த உடம்பு என்பது களைத்த உடம்பு, அவ்வளவுதான். பத்து மணி நேரம் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்துவிட்டு வரும் என் அக்காவுக்கு இடுப்பு வலிதான் இருக்கிறது, ஸ்டாமினா இல்லை.

பயிற்சியாளர் என்றதும் ஒன்று. 2012-ல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். சம்பளத்தை இடையில் கொஞ்சம் ஏற்றினார்கள், நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காருவது மட்டும் நிற்கவில்லை. மூன்று அரைநாள் ஆசிரியர் ஆறு நாள் ஓட வேண்டிய பிள்ளையை என்ன செய்வார், பாவம்.

சரி, எல்லாத் தடையும் தாண்டி ஓடிவிட்டால்? கடிகாரம் சாதி பார்க்காதே, அங்கே நீதி கிடைக்குமே? நானும் அப்படி நம்ப ஆசைப்படுகிறவன்தான். கிரிக்கெட்டில் தேர்வுக்குழு இருக்கிறது, தடகளத்தில் விநாடி மட்டுமே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருகிறார்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை செய்த தலித் பெற்றோர். ஓடக் கற்றுக்கொடுத்து முதல் ஷூ வாங்கித் தந்தவர் தாத்தா. 2006 டிசம்பரில் தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். கடிகாரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதன்பின் பாலினப் பரிசோதனை என்றார்கள், பதக்கத்தைப் பிடுங்கினார்கள், அவர் உடம்பின் அந்தரங்கம் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியது. ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை, பிறந்த உடம்போடு ஓடியதுதான் குற்றம். தமிழக அரசு பரிசுத் தொகையைத் திரும்பக் கேட்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவருக்காக வழக்காட இந்தியத் தடகளம் ஒரு வக்கீலைக்கூட அனுப்பவில்லை.

மூன்றே ஆண்டில், 2009-ல் பெர்லினில், அதே 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா உலகத் தங்கம் வென்றார். அதே சந்தேகம், அதே பரிசோதனை. அவர் நாடு மொத்தமும் எங்கள் பிள்ளை என்று எழுந்து நின்றது, தங்கம் அவரிடமே இருக்கிறது. 2014-ல் ஒடிசாவின் த்யுதி சந்தைத் தடுத்தபோது இந்திய விளையாட்டு ஆணையமே துணை நின்று சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது, 2015-ல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. நாடு நினைத்தால் கூட நிற்க முடியும் என்பது அப்போது தெரிந்துவிட்டது. 2006-ல் ஏன் முடியவில்லை? சட்டம் அப்போது வளரவில்லை என்பார்கள். நான் அதை நம்பவில்லை. சூளைக்காரர் மகளுக்காகத் தொலைபேசியை எடுக்க யாருக்கும் அவசரம் இல்லை, அதுதான் விஷயம். சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், அவரிடம் படித்தவர்கள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். அப்படிப்பட்டவர் 2012-ல் மறுபடியும் சூளையில் கல் சுமந்தார். அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்கப் பத்து ஆண்டுக்கு அருகில் ஆனது.

தோல் தொழில் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். புனே ஆட்டங்களில் அவருக்குத் தேநீர் வெளியே தனி மண்கோப்பையில் கொடுத்தார்கள். அவர் கையிலிருந்த தோல் பந்தில் தீட்டு இல்லை, தேநீர்க் கோப்பையில்தான் தீட்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஓடாதே என்று நான் பிள்ளையிடம் சொல்லவில்லை. கேட்கவும் மாட்டாள். அதே புதுக்கோட்டையிலிருந்து வந்த கோவிந்தன் லட்சுமணன் 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றார். அதிசயப் பிறவி என்று அவரையும் ‘இயற்கை’ கணக்கில் எழுதிவிட வேண்டாம். சின்ன ஊரில் ஆண்டுக்கணக்காகக் கூடவே நின்ற பயிற்சியாளரும் சேர்ந்து ஓட ஒரு கூட்டமும் இருந்ததால் நடந்தது அது. கணியம்பாடியில் ஏன் நடக்கக் கூடாது?

நாங்கள் கேட்பது செயற்கை ஓடுதளம் இல்லை. அது வேண்டுமென்றால் வேலூரைத் தாண்டிப் போக வேண்டும், போகவர பஸ்ஸிலேயே காலை முடிந்துவிடும். ஒரு 400 மீட்டர் மண் ஓடுதளத்துக்குச் சுமார் நான்கு ஏக்கர் போதும். எங்கள் ஒன்றியத்தில் வற்றிக் கிடந்த நாகநதிக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலையில் நீர்செறிவுக் கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரை மீட்டார்கள். நாடே பாராட்டியது. ஆற்றையே மீட்ட கைகளுக்கு ஓடுதளம் சமன்செய்வது பெரிய வேலையா? நூறு நாள் வேலைப் பட்டியலிலேயே விளையாட்டு மைதானமும் இருந்தது. புறம்போக்கு நிலம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் பேச வேண்டிய பேச்சு. எந்தத் தெருவில் அமைகிறது என்பது அதைவிட முக்கியம், ஊருக்குள்ளே போய் அனுமதி கேட்டு நுழைகிற மைதானம் எங்களுக்கு வேண்டாம். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வெறும் டீயோடு முதல் பாடவேளைக்கு வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு முட்டை கொடுத்தால் அரசு கஜானா காலியாகிவிடாது.

அக்காவின் கணக்கு வேறு. பதினெட்டு முடிந்ததும் கம்பெனியில் சேர்த்துவிடலாம், மாதச் சம்பளம், பி.எஃப்., வாசலில் வேன். “ஓடி ஓடி எங்கடா போய் நிக்கப் போறா?” என்று என்னைக் கேட்கிறாள். கம்பெனி வேலையை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராது. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைக்கு ஷூ வந்தது, அதுவும் இரண்டாவது ஜோடி. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது என்றேன். அதற்கு மாநில அளவில் ஜெயிக்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை 10:40 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். இன்னும் 56 விநாடி பாக்கி. இரண்டு ஆண்டு விட்டுக்கொடு என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டாவது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறாள்.

அடுத்த கிராம சபைக்கு மனு தயார். நான்கு ஏக்கர், மண் ஓடுதளம், இரண்டு விளக்குக் கம்பம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை. பிள்ளைகளே எழுதியது, நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்வரை எழுந்து போகக் கூடாது என்று முடிவு. இதுவரை எழுபத்திரண்டு கையெழுத்து, பெரும்பாலும் காலனியில் வாங்கியது. ஊர்த் தெருவிலிருந்து மூன்று. அதில் ஒன்று அந்த 800 மீட்டர் பையனின் அம்மா போட்டது.